ஊதா ரொட்டியை நீதான் சுட்டாய்

மகனே,

நீ சுட்ட ரொட்டியை நான் சுட்டதாகச் சொன்னாய். ஆலந்தலையில், உன் நிச்சயதார்த்தத்தன்று, பெண்வீட்டார் அத்தனை பேர் முன்னாலும், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். அது தப்பு. அந்தப் பொய்யை எதற்காகச் சொன்னாய் என்பது அதைவிடப் பெரிய தப்பு. நீ கப்பலில் சமையல்காரன் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னாய். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கு நீ என்ன வேலை பார்க்கிறாய் என்பது இந்த நிமிடம்வரை தெரியாது. எனக்கு மனம் நொந்திருக்கிறது. நலம் விசாரித்துவிட்டு அப்புறம் அதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "பொறவு பேசுதேம்மா" என்று வைத்துவிடுகிறாய். குரலைப் பதிந்து அனுப்பினால் வேகத்தைக் கூட்டிவிட்டுக் கேட்கிறாய். உன் அப்பாதான் சொன்னார், அப்படிக் கேட்டால் என் கோபம் கோழி கொக்கரிக்கிற மாதிரி இருக்குமாம். அதனால் எழுதுகிறேன். கப்பல் வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் நீ சென்னையில் தங்கியிருக்கிற அறைக்கு இது கொரியரில் வரும். நான் எழுதுகிற வேகத்திலேயே நீ படிக்க வேண்டும்.

முதலில் அந்த ரொட்டியைப் பற்றிச் சொல்கிறேன். சுட்ட அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, அதைப் பற்றி உன்னிடம் நான் ஒன்றுமே சொல்லவில்லை. மனசு வராமல் இல்லை, என்ன சொல்வது என்று தெரியவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் நீ ஒரு சாக்குப் பையைக் கொண்டுவந்து என் மேஜையில் கவிழ்த்தாய். மண் ஒட்டின கறுத்த கிழங்குகள். ஒன்று யானைப் பாதம் மாதிரி, ஒன்று முறுக்கிப் போட்ட கை மாதிரி. "ராசவள்ளிம்மா" என்றாய். பொங்கலுக்கு மற்றக் கிழங்குகளோடு வாங்கி அவித்து, தேங்காய்ப்பூவும் சீனியும் தொட்டுத் தின்றிருக்கிறேன். அதை ரொட்டிக்குள் வைப்பேன் என்று ஒருவன் சொன்னால் நான் சிரிப்பேனா மாட்டேனா? சிரித்தேன். "நம்ம கடையில பன்னும் பிஸ்கோத்தும் கேக்கும் கெடக்கு, சம்பந்தி வீட்டுக்குக் கெழங்கத் தூக்கிட்டுப் போவணுமால?" என்று கேட்டேன். நீ கிழங்கைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினாய்.

இந்தத் தொழிலை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பது உனக்குத் தெரியும். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன். டவுனில் இருந்த பேக்கரி மாஸ்டர்கள் என்னை உள்ளேயே விடவில்லை. பெண்பிள்ளை நின்றால் மாவு எழும்பாது என்று ஒருத்தர் சொன்னார். மில்லர்புரத்தில் இந்த விறகு அடுப்பைக் கட்டி, கருகியதையும் வேகாததையும் நாமே தின்று, எது எப்படி என்று நானாகக் கண்டுபிடித்தேன். அதனால் மாவு விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று வரும். அன்றைக்கு நீ சொல்லவில்லை. செய்து காட்டினாய். ஒரு கை மைதாவைப் பாலில் கரைத்து அடுப்பில் வைத்துக் களி மாதிரிக் கிண்டினாய். "பாயசம் வைக்கியா, ரொட்டி சுடுதியா?" என்று கேட்டேன். "இது உள்ள போனா மறுநாளும் பஞ்சு மாதிரி இருக்கும்மா" என்றாய். நான் நம்பவில்லை.

தோலோடு அவித்த கிழங்கை நீ இரண்டாகப் பிளந்ததுதான் முதல் அதிர்ச்சி. அந்த நிறத்தை நான் இதற்கு முன் பார்க்காதவள் இல்லை. ஆனால் பார்த்ததில்லை என்றுதான் தோன்றியது. உள்ளே அப்படி ஓர் ஊதா. தவக்காலத்தில் சாமியார் போடுகிற அங்கியின் நிறம். மண்ணுக்குள் வெளிச்சமே இல்லாத இடத்தில் கிடந்து, பார்க்க ஆளில்லாமல், அந்த நிறம் யாருக்காக உண்டாயிற்று? நீ அதை மசித்துத் தேங்காய்ப்பால் ஊற்றிக் கிண்டினாய். இனிப்புக்கு நான் உடன்குடிக் கருப்பட்டியை எடுத்து நீட்டினேன். "வேண்டாம்மா, கருப்பட்டி போட்டா நெறம் செத்துரும், சீனிதான்" என்று என் கையை மெதுவாகத் தள்ளினாய். என் அடுப்பங்கரையில் என் கையைத் தள்ளிய முதல் ஆள் நீ. உறைத்தது. ஆனால் சட்டியைப் பார்த்தேன். அது இறுக இறுக நிறம் மங்காமல் இன்னும் ஆழமாகிக்கொண்டே போனது. நான் கருப்பட்டியைத் திரும்ப டப்பாவில் போட்டேன்.

பிறகு நீ மாவைப் பிசைந்தாய். உன் தோளிலிருந்து மணிக்கட்டுவரை ஓர் அலை போய்ப் போய் வந்தது. நான் பிசைவேன், அடித்துப் பிசைவேன், கோபத்தோடு பிசைவேன். நீ மாவோடு சண்டை போடவே இல்லை. அது ஒட்டியது, ஒழுகியது. நானாக இருந்தால் இன்னும் மாவு தூவியிருப்பேன். நீ தூவவில்லை, பொறுத்தாய். கொஞ்ச நேரத்தில் அது மேஜையை விட்டுவிட்டு உன் கையோடு வந்தது. ஓர் உருண்டையைக் கிள்ளி ஜன்னலுக்கு நேரே விரித்துக் காட்டினாய். அந்தப் பக்கம் இருந்த உன் விரலின் நிழல் மாவு வழியாகத் தெரிந்தது. கிழியவில்லை. இத்தனை வருடம் மாவில் கைவைத்திருக்கிறேன், மாவுக்கு அப்படி ஒரு தோல் வரும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது என்று எழுதுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று நீ அறிவாய். எழுதிவிட்டேன்.

மாவு எழும்பக் காத்திருந்த நேரத்தில்தான் நீ அந்தக் கதையைச் சொன்னாய். உன் கப்பலின் தலைமைச் சமையல்காரர் பிலிப்பைன்ஸ்காரர் என்றும், அவர் ஊரில் இந்தக் கிழங்குக்கு ஊபே என்று பேர் என்றும், ஐஸ் கட்டியாக உறைய வைத்த கிழங்கில் அவர் உனக்கு இந்த ரொட்டியைச் சொல்லித் தந்தார் என்றும் சொன்னாய். அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்த ஒரு நாள் நீ தனியாகச் சுட்டாயாம். கப்பல் ஆடிய ஆட்டத்தில் டின்களைக் கயிறு போட்டுக் கட்டி வைத்துச் சுட்டாயாம். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் கேப்டன் படியிறங்கிச் சமையலறை வாசலில் வந்து நின்று, இதைச் சுட்டது யார் என்று கேட்டாராம். "நாந்தான்னு கையத் தூக்குனேம்மா. அவரு தொப்பியக் கழத்திட்டாரு" என்றாய். சொல்லும்போது உன் முகம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. சின்ன வயதில் கோயிலில் முதல் நன்மை வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது. நான் விறகைத் தள்ளுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

எழும்பிய மாவை விரித்து, கிழங்கைத் தடவி, பாய் மாதிரிச் சுருட்டி அடுப்பில் வைத்தாய். ரொட்டி வெந்து வெளியே வந்தபோது மேலே சாதாரணமாகத்தான் இருந்தது, பொன்நிறம், பளபளப்பு. அது ஆறுகிறவரை நீ என்னைத் தொடவிடவில்லை. பிறகு வெட்டினாய். கத்தி இறங்குகிற சத்தமே இல்லை. துண்டு சாய்ந்தது. வெள்ளைக்குள் ஊதா சுருண்டு சுருண்டு உள்ளே போனது. சங்கை வாய்ப்பக்கம் பார்த்தால் சுழி எங்கே போய் முடிகிறது என்று தெரியாதே, அப்படி. உன் அப்பா ஹார்பர் ஷிஃப்ட் முடிந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தார். "ஏளா, இதத் திங்கவா, சட்டம் போட்டு மாட்டவா?" என்று கேட்டார். நான் ஒரு வாய் வைத்தேன். மகனே, அது மெல்லுவதற்கு முன்னாலேயே கரைந்து, தேங்காய்ப்பாலின் வாசம் மூக்கு வழியாக ஏறி, கடைசியில் மண்ணின் குளிர்ச்சி ஒன்று நாக்கில் நின்றது. கோயிலில் பாட்டு முடிந்த பிறகு ஒரு நொடி யாரும் இருமக்கூட மாட்டார்கள் அல்லவா, எனக்குள் அப்படி ஓர் அமைதி. இவன் என் வயிற்றில் பிறந்தவன்தானா, இதை எங்கிருந்து கொண்டுவந்தான் என்று நினைத்தேன். நல்லா இருக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை அதற்குப் போதாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் ஆலந்தலை. தட்டுகளில் பழம், கற்கண்டு, பட்டு, நடுவில் உன் ரொட்டி. சம்பந்தி கடலில் காய்ந்த மனிதர். அவருக்குச் சொந்த வள்ளம், சொந்தப் பேச்சு. எதையும் லேசில் புகழ மாட்டார் என்று தரகர் வழியிலேயே சொல்லியிருந்தார். அவர் முதலில் உன்னைக் கேட்டார்: "மாப்ள, கப்பல்ல டெக்கா, இஞ்சினா?" நீ "டெக்கு" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார். தரகர் முதலில் ஆபீசர் என்று அளந்துவிட்டிருக்கிறார், அதை உன் அப்பா திருத்தவில்லை, நீயும் திருத்தவில்லை, எனக்கு யாரும் சொல்லவும் இல்லை. அப்புறம் ரொட்டி வந்தது. சம்பந்தி ஒரு துண்டைப் பிட்டார், திருப்பிப் பார்த்தார், தின்றார். இன்னொரு துண்டை எடுத்தார். "சிப்பியப் பொளந்த ஒடனே உள்ள மினுங்குமே, அந்த மாதிரில்லா இருக்கு" என்றார். "யாரு கைவேல இது?" என்று அந்த வீடே கேட்கும்படி கேட்டார்.

அந்தக் கேள்வி உனக்காக வந்த கேள்வி. நடுக்கடலில், மொழி தெரியாத கேப்டன் கேட்டபோது கை தூக்கினாய். சொந்தக் கரையில், உனக்குப் பெண்டாட்டியாகப் போகிறவளின் அப்பா கேட்டபோது என்னைக் காட்டினாய். "எங்கம்மாதான் மாமா." நான் மறுத்திருக்கலாம். வாய் நிறைய உன் ரொட்டி இருந்தது. விழுங்கி முடிப்பதற்குள் சம்பந்தி எழுந்து நின்று, "மயினி, ஒங்க கையில மாதா இருக்கா" என்று கும்பிட்டுவிட்டார். உன்னைக் கும்பிட வேண்டிய கும்பிடு அது. எனக்கு உடம்பு கூசியது. நான் யாரிடமும் எதையும் இரவல் வாங்கியவள் இல்லை. என் பன் கல்லு மாதிரி இருந்த நாட்களிலும் அது என் பன்னாக இருந்தது. என் வீட்டிலேயே பிறந்தவன் என்னைத் திருடியாக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டான்.

வரும் வழியில் வேனில் உன்னைக் கேட்டேன். "கப்பல்ல குக்குன்னு சொன்னா, கரையில சட்டி கழுவுதவன்னுதாம்மா சொல்லுவாவ. ஒனக்குத் தெரியாது" என்றாய். எனக்குத் தெரியாதா? இந்தக் கரையில் கப்பலுக்குப் போகிறவனின் கல்யாணப் பேச்சில் டெக் மேலே, இஞ்சின் அடுத்தது, சமையல் கடைசி என்று கோடு போட்டு வைத்திருப்பதை நான் கேள்விப்படாதவளா? நான் அடுப்பு கட்டின நாட்களில் இந்தத் தெருவில் என்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று நீ கேள்விப்பட்டதில்லை, நான் சொன்னதில்லை. சொன்னவர்கள் இன்றைக்குக் கிறிஸ்துமஸுக்கு என் வாசலில் கேக்குக்கு நிற்கிறார்கள். அவர்கள் மனசு மாறியதால் வரவில்லை. நான் மாறாததால் வருகிறார்கள். நடுக்கடலில் ஒரு கப்பல் நிறைய மனிதர்கள், வீட்டை விட்டு, பிள்ளைகளை விட்டு, நாளுக்கு மூன்று தடவை உன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாள் நீ எழுந்திருக்காவிட்டால் அந்தக் கப்பலில் அத்தனை பேரும் பட்டினி. அதற்கு வெட்கப்படுகிறவன் எதற்குத்தான் பெருமைப்படுவான்?

இப்போது நீ ஊரில் இல்லாத இந்த நாட்களில் நடந்ததைக் கேள். உனக்கு நிச்சயித்த ஜெனிட்டா போன் செய்தாள். அந்தப் பிள்ளை அன்றைக்கே, யாரும் கவனிக்காதபோது என் பக்கத்தில் வந்து, "அத்த, இத எனக்குச் சொல்லித் தருவியளா?" என்று கேட்டிருந்தாள். நான் தலையை ஆட்டித் தொலைத்திருந்தேன். அதை அவள் மறக்கவில்லை. "அத்த, ராசவள்ளி கெடச்சிருக்கு. சனிக்கெழம நான் எடுத்துட்டு வாரேன். லீவு சொல்லியாச்சு" என்றாள். மீன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு பார்க்கிற பெண், அங்கே லீவு கேட்பது லேசா? அவ்வளவு ஆசையாக வருகிறாள். சரி, சனிக்கிழமைக்குள் நானே கற்றுக்கொள்வேன் என்று வீம்பாகக் கிழங்கு வாங்கினேன். உன்னைக் கேட்கக் கூடாது என்பது என் பிடிவாதம். சீக்கிரம் வேகட்டும் என்று, கொண்டைக்கடலைக்குப் போடுகிற மாதிரி ஒரு சிட்டிகை சோடா உப்பைப் போட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஊதா என் கண் முன்னால் செத்தது. பச்சையும் சாம்பலுமாக, ஹார்பர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிற நிறம். இரண்டாம் தடவை சோடா போடவில்லை. கிண்டிய கிழங்கை ஆறவிடாமல் மாவில் தடவினேன். மாவு இளகி, சுருள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கட்டியாகிவிட்டது. உன் அப்பா ஒரு துண்டை எடுத்து அமுக்கிப் பார்த்தார். "இத வச்சு வள்ளத்துல ஓட்ட அடைக்கலாம்ளா, தண்ணி ஏறாது" என்றார். அன்றைக்கு மின்விசிறியைப் பார்த்தவருக்கு இன்றைக்கு வாய் திறக்கிறது.

அந்தக் கட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உன் ரொட்டியின் முழு அளவும் எனக்குத் தெரிந்தது. நான் அன்றைக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றையும் பார்க்கவில்லை. எப்போது நிறுத்த வேண்டும், எப்போது காத்திருக்க வேண்டும் என்பது உன் கைக்குள் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. அடுப்பின் முன்னால் இத்தனை காலம் நின்றவளுக்கு எட்டாத ஒன்று உனக்கு எட்டியிருக்கிறது. கடலில் தூரத்து மழையைப் பார்க்கும்போது எனக்குப் பயமும் சந்தோஷமும் ஒன்றாக வரும். உன்னை நினைத்தால் இப்போது அப்படித்தான் வருகிறது.

போன ஞாயிறு கோயிலில், மூன்று ஞாயிறு வாசிக்கிற உங்கள் கல்யாண ஓலையை இரண்டாம் தடவை வாசித்தார்கள். உன் பேர், எங்கள் பேர், அவள் பேர், அவள் பெற்றோர் பேர். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் நிறுத்தி வாசித்தார். சமையல்காரனாக இருப்பது தடை இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் முதுகில் வியர்வை ஓடியது. அதைக் கேட்க ஆலந்தலையிலிருந்து வந்திருந்த அவள் எங்களுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து, உன் பேர் வந்ததும் குனிந்து சிரித்தாள். டெக்கில் நிற்கிற ஒருவனை மனசில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அப்படி ஒருவன் இல்லை. இருக்கிறவன் அவனைவிடப் பெரியவன். அவனை அவளுக்கு யாரும் காட்டவில்லை. வருகிற ஞாயிறு கடைசி ஓலை. அதற்குள் இது முடிய வேண்டும்.

என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறேன். கெஞ்சவில்லை, யோசனையும் கேட்கவில்லை. நீ வெள்ளிக்கிழமை ரயிலேற வேண்டும். சனிக்கிழமை காலை அவள் கிழங்கோடு வரும்போது வாசலில் நீ நிற்க வேண்டும், நான் நிற்க மாட்டேன். அவள் பையைக் கீழே வைப்பதற்கு முன்னால் உன் வேலை என்ன என்று உன் வாயால் சொல்ல வேண்டும். போனில் கூடாது, என் வழியாகவோ வேறு யார் வழியாகவோ கூடாது. உன் அப்பா அன்றைக்கே ஆலந்தலைக்குப் பஸ் ஏறி, தரகர் சொன்னதைத் தெரிந்தும் தான் திருத்தவில்லை என்று சம்பந்தியிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன், இனி அவர் தப்ப முடியாது. அந்தக் கும்பிடு என்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டு வர நானும் அவரோடு போகிறேன். சம்பந்தி திட்டினால் நாங்கள் இரண்டு பேரும் நின்று கேட்டுக்கொள்வோம், நீ அங்கே வரக் கூடாது. ஜெனிட்டா எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், அழட்டும், கத்தட்டும். அவளை யாரும் அவசரப்படுத்தக் கூடாது. வேண்டாம் என்றால், ஓலையை நிறுத்தச் சொல்லிச் சாமியாரிடம் போக வேண்டியவர் உன் அப்பா, நிச்சயத்தில் அவர்கள் மாற்றித் தந்த தட்டுகளைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டியவள் நான், அவளைப் பத்திரமாகப் பஸ் ஏற்றிவிட வேண்டியவன் நீ. வேண்டும் என்றால், கிழங்கை அவள் கழுவட்டும், மாவை நீ பிசை. நாங்கள் ஆலந்தலையிலிருந்து திரும்பி வரும்போது ரொட்டியை வெட்டாமல் வைத்திருங்கள். அதை அவள்தான் வெட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா